முந்திய கை

லோகேஸ்வரன் நீதிமன்றத்தில் சொன்னது ஒரே ஒரு பதில்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கை தானாப் போயிருச்சுங்க."

முந்துமானியும் அதையே சொன்னது.

முந்துமானி என்ற அந்த இயந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில் ஒரு தொப்பியை மாட்டுவார்கள். நடந்ததை ஒலியும் படமுமாக அவர் முன் மறுபடி நடத்துவார்கள். மூளை அதை இன்னொரு முறை வாழும். திரையில் இரண்டு கோடுகள் ஓடும். கீழ்க்கோடு மூளையின் அடியிலிருந்து வருவது. பல்லிக்கும் நாய்க்கும் நமக்கும் பொதுவானது. மேல்கோடு நெற்றிக்குப் பின்னாலிருந்து வருவது; அது மனிதனுக்குத்தான் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது. எது முதலில் எழுகிறது என்பதுதான் கேள்வி. மேல்கோடு முந்தினால் கொலை. கீழ்க்கோடு முந்தினால் அதன் பெயர் இயல்புச் செயல். அதற்குச் சிறை கிடையாது. மலையடிவாரத்துச் சிகிச்சை இல்லத்தில் சில மாதங்கள் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மிருதுளா பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவள் அங்கே உட்கார்ந்ததில்லை. இயந்திரத்தின் பக்கத்தில்தான் நிற்பாள். முந்துமானியை உருவாக்கிய குழுவில் அவளும் ஒருத்தி.

செத்தவன் அவள் தம்பி கோகுல். சிங்காநல்லூர் சிக்னலில் அவன் வண்டி முன்னால் நின்ற காரில் லேசாக உரசியது. லோகேஸ்வரன் இறங்கி வந்தான். பேச்சு வளர்ந்தது. காரில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்து ஒரே அடி.

தீர்ப்பு முடிந்ததும் தாழ்வாரத்தில் ஜெயந்தன் அவளிடம் வந்தான். ஆய்வுக்கூடத்தில் அவளுடன் வேலை செய்பவன். லோகேஸ்வரனைச் சோதித்தவன் அவன்தான்.

"கோடு சுத்தமா இருக்கு மிருதுளா. நீ பாத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பே."

"பாத்தேன்."

"அப்புறம்?"

"சுத்தமாத்தான் இருக்கு."

அவன் நிம்மதியாக மூச்சு விட்டான். "உனக்கு வருத்தம் இருக்கும். ஆனா அவன் மேல கோவப்பட்டு ஆவறதென்ன. அவன் பண்ணலையே."

இதே வாக்கியத்தை அவள் எத்தனையோ குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறாள். சொன்னபோது அது ஆறுதல் என்று நினைத்திருந்தாள்.

லோகேஸ்வரன் அவர்களைக் கடந்து போனான். உயரமானவன். தலை குனிந்திருந்தது. பின்னால் அவன் அம்மா ரேணுகா, கையில் ஒரு துணிப்பையோடு. மிருதுளா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் நிமிர்ந்து, நான் செய்தேன் என்று ஒரு முறை சொன்னால் போதும் என்று அவளுக்கு இருந்தது. மன்னிப்புக்கூட வேண்டியதில்லை. செய்தவன் ஒருவன் இருந்தால் போதும், அவனை வெறுத்துக்கொள்ளலாம். சட்டம் அவனை எடுத்துக்கொண்டு ஒரு கையை மட்டும் விட்டுவைத்திருந்தது. கையை எப்படி வெறுப்பது?

அவன் நிமிரவில்லை.

கை செய்ததைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. சரி. அவளுக்கும் ஒரு கை இருந்தது.

*

நீதிபதிகளுக்கு முந்துமானியைப் பற்றி வகுப்பெடுத்தவள் அவள்தான். முதல் வகுப்பில் ஒரு வயதான நீதிபதி எழுந்து கேட்டார்.

"கீழ்க்கோடே எல்லாத்தையும் பாத்துக்குதுன்னா, இந்த அறிவு எதுக்கும்மா வந்துச்சு?"

"கூட்டமா வாழறதுக்குங்க ஐயா. பாம்பப் பாத்துக் குதிக்க அறிவு வேண்டாம். ஏன் குதிச்சேன்னு பக்கத்துல இருக்கறவனுக்குச் சொல்றதுக்குத்தான் வேணும். நம்ம முன்னோர் கூட்டத்துல பதில் சொல்லத் தெரியாதவன் பட்டினி கெடந்திருப்பான். சொல்லத் தெரிஞ்சவன் புள்ள பெத்திருப்பான். நாமெல்லாம் அவனோட வாரிசு."

"அப்ப அறிவுங்கறது வக்கீல்னு சொல்லு."

"பெரும்பாலும் வக்கீல்தானுங்க."

வகுப்பே சிரித்தது.

"கீழ்க்கோடு எழுந்த பின்னாடி மேல்கோடும் எழும்புதே, அது என்ன?" என்று இன்னொருவர் கேட்டார்.

"அது வக்கீல் ஓடி வர்றதுங்க. கை கெளம்புனதுக்கு அப்புறம் வர்ற எதையும் நீங்க பாக்க வேண்டியதில்ல."

*

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் போன பிறகு அவள் தொப்பியைத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். லோகேஸ்வரனின் நீதிமன்றப் பதிவை ஓடவிட்டாள். அவன் குரல் வந்தது. அவனை அடிப்பதாக நினைத்துக்கொண்டாள்.

மேல்கோடு துள்ளி எழுந்தது. கீழ்க்கோடு அதன் பின்னால் சோம்பலாக வந்தது.

இது அவள் எதிர்பாராதது. தன் வெறுப்பு அடியில் எங்கோ, இருட்டில் இருக்கிறது என்று நினைத்திருந்தாள். அது நெற்றியில் இருந்தது. நாய் கடிக்கும், ஆனால் பழிவாங்காது. பழிக்கு நேற்று வேண்டும், நாளை வேண்டும், ஒரு பெயர் வேண்டும். அதெல்லாம் மேல்கோட்டின் வேலை. வெறுப்போடு அவனை அடித்தால் அவள் கொலைகாரி.

ஆகவே வெறுப்பை எடுத்துவிட வேண்டும். அவன் குரல் காதில் விழுந்ததும் கை போக வேண்டும். அவ்வளவுதான். நடுவில் அவள் இருக்கக் கூடாது.

போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் செபஸ்டின் என்று ஒரு குத்துச்சண்டை மாஸ்டர் இருந்தார். பழைய சரக்குக் கொட்டகை ஒன்றில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் ஆராய்ச்சி என்று சொன்னாள்.

"மேடத்துக்கு என்ன வயசு?"

"நாப்பது ஆகப் போகுது."

"இந்த வயசுல முட்டி தேஞ்சு எல்லாரும் நிறுத்திட்டுப் போவாங்க. நீங்க ஆரம்பிக்க வர்றீங்க." அவர் அவள் கையைப் புரட்டிப் பார்த்தார். "பேனா புடிச்ச கை. பாப்போம்."

கை தேறியது. முதலில் வலித்தது, பிறகு மரத்தது, பிறகு பழகியது. ஒரே ஒரு அடியை மட்டும் அவள் கற்றுக்கொண்டாள். தொண்டைக்கு, விரல்களை மடக்கி, கீழிருந்து மேலாக. வீட்டில் ஒரு பொம்மையை நிறுத்தினாள். காதில் ஒலிக்கருவி. பலபேருடைய குரல்கள் வரும்: பால்காரன், செய்தி வாசிப்பவர், யாரோ ஒரு மாமா யாரையோ திட்டுவது. எப்போது வரும் என்று தெரியாமல் நடுவில் லோகேஸ்வரனின் குரல் வரும். அதற்கு மட்டும் கை போக வேண்டும். தாமதித்தால் மணிக்கட்டில் கட்டிய மின்பட்டை சுரீரென்று இழுக்கும். வேறு குரலுக்குக் கை போனாலும் இழுக்கும்.

தினமும் செய்தாள். பல் துலக்குவதுபோல.

செபஸ்டின் ஒருநாள் அவளைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"யாரை அடிக்கணும் மேடம்?"

"யாரையும் இல்ல. சொன்னேனே, ஆராய்ச்சி."

"ஆராய்ச்சிக்கு எதுக்குத் தொண்டை?"

அவள் கையில் சுற்றிய துணியை அவிழ்த்தாள்.

"இங்க பாருங்க. பசங்களுக்கு அடிக்கக் கத்துக் குடுக்கறது பெரிய வேலை இல்ல. எல்லாப் பயலும் அம்மா வயித்துலயே கத்துக்கிட்டு வர்றான். நிறுத்தக் கத்துக் குடுக்கறதுதான் வேலை. பெல் அடிச்சா பாதி வழியில வர்ற கை நிக்கணும். எதிராளி விழுந்துட்டா நிக்கணும். நிக்கலைன்னா அவன் பாக்ஸர் இல்ல, ரவுடி. உங்களுக்கு இனிமே அதைத்தான் ஆரம்பிக்கணும்."

"எனக்கு அது வேண்டாம் மாஸ்டர்."

"எது?"

"நிறுத்தறது."

கொட்டகையின் அந்தக் கோடியில் பையன்கள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

"மனுசன்னா அது ஒண்ணுதான் மேடம். மிச்சமெல்லாம் மாட்டுக்கும் இருக்கு."

"உங்களுக்குப் படிப்பு இல்லைன்னு யாரு சொன்னா?"

"நக்கலா? நாளையிலிருந்து வராதீங்க."

அவள் எழுந்துகொண்டாள். வேண்டியதை ஏற்கனவே கற்றிருந்தாள்.

*

ஊர் மாறிக்கொண்டிருந்தது. கணபதியில் ஒருவன் மனைவியின் கையை உடைத்துவிட்டு, தொப்பியை மாட்டுங்க பாக்கலாம் என்று காவலர்களிடமே சவால் விட்டானாம். தொப்பி மாட்டினார்கள். கீழ்க்கோடுதான் முந்தியது. அவன் சிகிச்சை இல்லத்துக்குப் போய்ச் சதை போட்டுத் திரும்பி வந்தான். மனைவி அதே வீட்டில்தான் இருந்தாள்.

இல்லத்திலிருந்து வந்தவர்களுக்கு வீடு கிடைப்பது கஷ்டம். குற்றவாளிகள் இல்லை என்று சான்றிதழ் இருந்தது. அதுதான் சிக்கல். திருடன் திருந்துவான், இவர்கள் திருந்த என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்வார்கள். லோகேஸ்வரன் பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான் என்று மிருதுளா கேள்விப்பட்டாள். கையில் ஸ்பேனர் கொடுக்க மாட்டார்கள், பெயிண்ட் அடிக்க விட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்கள்.

அந்தப் பட்டறைக்கும் அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கும் நடுவில் ஒரு பேக்கரி இருந்தது. தினமும் சாயங்காலம் அங்கே நின்று டீ குடிப்பது என்று அவள் முடிவு செய்தாள். சில வாரங்களில் அது முடிவாக இல்லாமல் பழக்கமாகிவிட்டது. அவனைத் தேடிப் போகக் கூடாது. தேடுவது மேல்கோடு. அவன் எப்போதாவது வருவான். வரும்போது அவள் டீயைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடினமானது வேறு. குரலைக் கேட்டதும் கை போனது. ஆனால் கூடவே கோகுலும் வந்தான். கோகுலின் முகம் வந்தால் மேல்கோடு எழுந்தது. ஆகவே கோகுல் வரக் கூடாது.

அவன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தாள். அவன் எண்ணைப் போனிலிருந்து அழித்தாள். அவன் நினைவு வரும்போதெல்லாம் மணிக்கட்டுப் பட்டையின் விசையைத் தானே அழுத்தினாள். மிருது என்று அவளைக் கூப்பிடுபவன் அவன் ஒருவன்தான். அந்தச் சொல் தலைக்குள் வந்தால் அழுத்தினாள். சாந்தி கியர்ஸ் தொழிற்சாலைப் பக்கம் போனால் அவன் படித்த பள்ளி வரும், ஆகவே வேறு வழியில் போனாள்.

கோகுலின் திதியன்று அவன் மனைவி சௌமியா போன் செய்து வரவழைத்தாள். கணவனின் அக்காவை அவள் வீட்டு வழக்கப்படி நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

"நங்கையா, போட்டாவுக்குப் பூவாச்சும் வெச்சுட்டுப் போங்க."

"நீயே வெச்சிரு."

"எல்லாம் நானே வெச்சாச்சு. நீங்க வெக்கறதுக்குன்னு ஒரு முழம் எடுத்து வெச்சிருக்கறேன்."

மிருதுளா பூவை வாங்கினாள். படத்தின் சட்டத்தைப் பார்த்து, அதன் மேல் மாட்டினாள். கண்ணைச் சட்டத்தை விட்டு இறக்கவில்லை.

"மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்கறீங்க," என்றாள் சௌமியா. "போன வருசமும் பாக்கல. நானும் கவனிச்சுட்டுத்தான் இருக்கறேன். எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க, ஒரே கொறை இதுதான். அவரப் பத்திப் பேசறதுக்கு எனக்கு வேற ஆளு இல்ல. எங்கம்மா வீட்டுல இன்னொரு மாப்பிள்ளை பாக்கறாங்க. நீங்க வந்தா நாலு வார்த்தை பேசலாம்னு பாத்தா, நீங்க கரண்டு பில்லு கட்ட வந்தவங்களாட்ட நிக்கறீங்க."

"வேலை அதிகம்."

"மறந்துட்டீங்களாட்ட இருக்குது."

"ஆமா," என்றாள் மிருதுளா.

சௌமியா அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டாள். உள்ளே போய்விட்டாள். பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

பேருந்தில் திரும்பும்போது மிருதுளா ஒரு முறை, ஒரே ஒரு முறை, முயன்று பார்த்தாள். கோகுலின் மூக்கு வந்தது. நெற்றியில் ஒரு தழும்பு வந்தது. கண்கள் வரவில்லை. குரலும் வரவில்லை. அந்த இடத்தில் லோகேஸ்வரனின் குரல்தான் இருந்தது.

அன்று ஆய்வுக்கூடத்தில் தொப்பியை மாட்டிப் பார்த்தாள். கீழ்க்கோடு நெட்டாக எழுந்தது. மேல்கோடு தரையோடு கிடந்தது. எழவே இல்லை.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தோஷமும் மேல்கோட்டில்தான் வரும். தொப்பியைக் கழற்றி வைத்து, பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். பொம்மையைக் குப்பை வண்டியில் போட்டாள். பட்டையையும் போட்டாள். இனி எதுவும் தேவையில்லை.

*

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். பேக்கரியில் கூட்டம். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டா எம் பப்ஸத் தின்னே?"

"நான் திங்கலடா. கீழ்க்கோடு தின்னுருச்சு."

"அப்ப காசு யாரு குடுக்கறது, உங்கொப்பனா?"

மிருதுளா டீயை ஊதினாள். ஆடை படர்ந்திருந்தது. சர்க்கரை அதிகம் என்று டீ மாஸ்டரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

"மேடம், ஒரு நிமிசமுங்க."

பிறகு டீ கிளாஸ் தரையில் உடைந்து கிடந்தது. ஒரு ஆள் படிக்கட்டில் மல்லாந்து கிடந்தான். தொண்டையைப் பிடித்துக்கொண்டு கால்களை உதைத்தான். யாரோ கத்தினார்கள். அவள் வலது கை வலித்தது. விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன. உயரமான ஆள். சட்டையில் பச்சை பெயிண்ட்.

அது யார் என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கூட்டம் அவனைச் சுற்றிக்கொண்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் செத்துப்போனான். பேக்கரி மாஸ்டர் அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். "மேடம், அவன் உங்கள எதாச்சும் பண்ணானுங்களா? சொல்லுங்க மேடம். கைய கிய புடிச்சானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்றா, ஆமாம் என்றா என்று அவருக்குப் புரியவில்லை.

அவள் எதிர்பார்த்திருந்தது ஒரு நிறைவு. அதற்காகத்தான் எல்லாம். அது வரும் என்று காத்திருந்தாள். காவல் நிலையத்தில் காத்திருந்தாள். மறுநாளும் காத்திருந்தாள். டீ, சர்க்கரை, பிறகு படிக்கட்டில் ஒரு ஆள். நடுவில் ஒன்றும் இல்லை. இவ்வளவு காலம் எதற்காக இருந்தாளோ அது நடந்தபோது அவள் அங்கே இல்லை. யாரோ ஒருவர் பழி வாங்கிவிட்டுப் போய்விட்டார், அவளிடம் சொல்லாமல்.

*

வழக்கு நீளவில்லை.

அரசு வக்கீல் ஜெயந்தனைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்.

"குற்றம் சாட்டப்பட்டவர் இந்த இயந்திரத்தை உருவாக்குனவங்கள்ல ஒருத்தர். அவங்களுக்கு இதை ஏமாத்தத் தெரியாதா?"

"ஏமாத்த முடியாதுங்க. ஏமாத்தணும்னு நெனச்சாலே மேல்கோடு எழுந்துரும்."

"எழுந்துச்சா?"

"எழவே இல்லீங்க. வழக்கமா கீழ்க்கோட்டுக்குப் பின்னாடி கொஞ்ச நேரத்துல மேல்கோடு வரும். இவங்களுக்கு அதுவும் இல்ல. இவ்வளவு சுத்தமான கோட்ட நான் பாத்ததே இல்லீங்க."

தம்பியைக் கொன்றவனை அக்காவே கொன்றிருக்கிறாள் என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். ஆனால் சட்டம் கை எழுந்த நொடியை மட்டும்தான் கேட்டது. அதற்கு முந்தைய வருடங்களைக் கேட்கவில்லை. அப்படிக் கேட்க வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். தம்பியைக் கொன்றவனின் குரலைக் கேட்டதும் எழுந்த பழைய விலங்கின் எதிர்வினை என்று நீதிபதி எழுதினார். இயல்புச் செயல். சிகிச்சை இல்லம்.

ரேணுகா எல்லா நாளும் வந்திருந்தாள். கடைசி வரிசையில் ஓரத்தில் உட்காருவாள். அழவில்லை, கத்தவில்லை. தீர்ப்பைப் படித்தபோது மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

சிகிச்சை இல்லத்து வண்டிக்காக மிருதுளாவைத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் காவலர். ரேணுகா வந்து எதிரில் நின்றாள்.

"அம்மா, பேசக் கூடாதுங்க, தள்ளிப் போங்க," என்றாள் காவலர்.

"ரெண்டு வார்த்தை கண்ணு. எம்பையன் செத்துட்டான். ரெண்டு வார்த்தை கூடப் பேசக் கூடாதா?"

காவலர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றாள்.

வசவு வரும் என்று மிருதுளா நினைத்தாள். வந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். ஒருவராவது அவளைப் பார்த்து, நீ செய்தாய் என்று சொல்ல வேண்டும்.

ரேணுகா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்புட்டயா அம்மிணி?"

மிருதுளா பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"அவன் எதுக்கு உன்கிட்ட வந்தான்னு யாருமே கேக்கல பாத்தியா. உன்ற வக்கீலும் கேக்கல, அந்த வக்கீலும் கேக்கல. நீயும் கேக்கல. டீ குடிக்க வந்தவன் எதுக்கு உன்னய மேடம்னு கூப்புடறான்?"

"எதுக்குங்க?"

"ஒத்துக்கறதுக்கு."

தாழ்வாரத்தில் யாரோ ஒரு கட்டுக் காகிதத்தோடு ஓடினார்கள். ரேணுகா அவர்கள் போகும்வரை காத்திருந்தாள்.

"இல்லத்துலருந்து வந்த நாளா அவன் தூங்குனதில்ல. அம்மா, ஸ்பேனர ஓங்குனது நானில்ல, அது மெய்தான்னு சொல்லுவான். ஆனா ஓங்குன கை மேல ஒரு கணம் நின்னுச்சும்மா. அந்தப் பையன் என்னப் பாத்து, வேண்டாங்ணா, அப்படின்னான். எனக்கு அது கேட்டுச்சு. நிறுத்தோணும்னு தோணுச்சு. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. அதுனால அடிச்சது நாந்தான். இதையேதான் சொல்லுவான். சோறு திங்கறப்பவும் சொல்லுவான்."

மிருதுளா ஜெயந்தன் காட்டிய கோடுகளை நினைத்தாள். லோகேஸ்வரனின் கீழ்க்கோடு எழுந்தது. அதன் பின்னால், அடி விழுவதற்கு முன்னால், மேல்கோடு எழுந்திருந்தது. அவள் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். வக்கீல் ஓடி வருகிறான், பார்க்க வேண்டியதில்லை.

"ஸ்டேசனுக்குப் போனான். மிஷினு சொன்னதுக்கு மேல எழுத முடியாதுன்னு தொரத்திட்டாங்க. அவன்ற வக்கீல்கிட்டப் போனான். உனக்கென்ன பைத்தியமாடான்னு சிரிச்சாராம். கடைசியில, அந்தப் பையனோட அக்கா தெனமும் பேக்கரியில நிக்கறாங்கம்மா, அவங்ககிட்டயாச்சும் சொல்லிப்போடறேன், அவங்க என்ன பண்ணாலும் பண்ணட்டும்னான். போவாதடான்னேன். நல்ல சட்டை போட்டுட்டுப் போறேன்னான். அப்பறம், வேலைச் சட்டையிலேயே போறேன், நல்ல சட்டைன்னா வேசம் போட்டாப்பல இருக்கும்னான்."

வேண்டாங்ணா. அது கோகுலின் குரலில் வந்தது. பெரியவர்கள் யாரைப் பார்த்தாலும் அண்ணா என்பான். மிருதுளாவின் கை தன்னை அறியாமல் மணிக்கட்டைத் தேடியது. அங்கே பட்டை இல்லை. அழுத்துவதற்கு ஒன்றும் இல்லை. கோகுல் முழுதாக வந்துவிட்டான், கண்களோடு.

அவள் குனிந்து உட்கார்ந்தாள். காவலர் இரண்டடி முன்னால் வந்து, ரேணுகா கையமர்த்தியதும் நின்றாள்.

"இத ஏன் கோர்ட்டுல சொல்லலைங்க?" மிருதுளா குனிந்தபடியே கேட்டாள்.

"சொன்னா?"

"அவர் சண்டைக்கு வரலைன்னு தெரிஞ்சிருக்கும். வழக்கு மாறியிருக்கும். என்னை விட்டிருக்க மாட்டாங்க."

"மாட்டாங்களா?" ரேணுகா யோசிப்பதுபோல் இருந்தாள். "சொல்லலாமான்னு மொதல்ல எனக்கும் ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். என்ன தீர்ப்பு வருதுன்னு பாத்துட்டு அப்பறம் பேசலாம்னு இருந்தேன். உன்ன ஜெயில்ல போட்டிருந்தா இத உன்கிட்டச் சொல்லியே இருக்க மாட்டேன் அம்மிணி. அது போதும்னு ஊட்டுக்குப் போயிருப்பேன்."

வண்டி வந்துவிட்டது என்று வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். காவலர் மிருதுளாவின் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். ரேணுகாவும் எழுந்து, சேலை மடிப்பைத் தட்டிச் சரிசெய்துகொண்டாள்.

"போயிட்டு வா. அங்க நல்லாப் பாத்துக்குவாங்க. ஒடம்பக் கெடுத்துக்காத." அவள் மிருதுளாவின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். "நீ நல்லா இருக்கோணும். ரொம்ப நாளைக்கு இருக்கோணும்."